நுரையீரலில் எலும்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

67 வயதாகிறது. நுரையீரல் தழும்பு நோய் உண்டு. புதிய சி.டி. ஸ்கேனில், அடிப்பகுதியில் எலும்பு உருவாகியிருப்பதாக எழுதியுள்ளார்கள். புற்றுநோயா?

எலும்புதான் என்று உறுதியானால் புற்றுநோய் அல்ல. 1856-லேயே லுஷ்கா என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்திருக்கிறார். தழும்பிலுள்ள நார்த்திசுச் செல்கள் எலும்பை உண்டாக்கும் செல்களாக மாறிவிடுகின்றன. இந்த எலும்பு மரக்கிளை போலவோ உருண்டையாகவோ வளரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மெல்லிய கிளைகளுக்குள் மஜ்ஜைகூடத் தென்படும். கிளைவிடும் வகை தழும்பு நோயாளிகளிடமும், இரைப்பை அமிலம் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குபவர்களிடமும் மிகுதி. உருண்டை வகை இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் காணப்படும். எலும்பைக் கரைக்க மருந்தில்லை. அடிப்படை நோய்க்கான சிகிச்சையைத் தொடருங்கள்.

அப்படியானால் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். இந்த எலும்பு தழும்பில் விளைவது, மாத்திரையால் வருவதன்று. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகச் சொல்லி, ஐந்து மாதமாகக் காசநோய் மருந்து தருகிறார்கள். மூச்சிரைப்பு குறையவில்லை. ஏன்?

சளிப் பரிசோதனை செய்தார்களா, என்ன வேலை பார்க்கிறீர்கள், இருமலில் சளி வருகிறதா என்ற மூன்றையும் எழுதாமல் காரணம் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? காசநோய் ஆறிய வடுவில் சுண்ணாம்பு படியும். தழும்பு நோயில் எலும்பு முளைக்கும். எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளைப் புள்ளிதான். என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்குச் சளியைப் பார்க்காமலேயே இரண்டு முறை காசநோய் மருந்து கொடுத்திருந்தார்கள். விரல் நுனிகள் உருண்டு பருத்திருந்தன. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும் ஓசை ஒவ்வொரு மூச்சிலும் கேட்டது. முதுகில் காதை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் தழும்பு நோய்க்கு அவர் ஒன்றரை ஆண்டு இழந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சளியில் கிருமியைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனை இலவசம். அதைக் கேட்டுப் பெறுங்கள். நுண்துல்லிய சி.டி.யும் எடுத்து, அறிக்கையோடு படங்களையும் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை காசநோய் மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; உண்மையில் காசநோயாகவே இருந்தால் பாதியில் விடுவது பேராபத்து.

மாடியில் புறா வளர்க்கிறேன். வறட்டு இருமலுக்கும் அதற்கும் தொடர்புண்டா?

இருக்கலாம். புறா எச்சத்தின், இறகின் தூசு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். மருத்துவரிடம் சொல்லுங்கள், புறாக்களை இன்றே வேறிடம் அனுப்புங்கள். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் இடைத்திசு நோயாளிகள் (காற்றறைகளைச் சுற்றிய திசு அழற்சியுற்றோ தழும்பேறியோ இருப்பவர்கள்) சுமார் 1,100 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இத்தகைய ஒவ்வாமை அழற்சிதான். ஏர்கூலரும் இதைத் தூண்டலாம்; வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

தழும்பு நோய்க்குத் தந்த பிர்ஃபெனிடோன் மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, தழும்பும் மறையவில்லை. விட்டுவிடலாமா?

தழும்பை மறைய வைப்பது அதன் வேலையன்று. நோய் முற்றும் வேகத்தைக் குறைப்பதே அதன் வேலை. வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பாட்டோடு எடுங்கள், வெயிலில் உடலை மூடிச் செல்லுங்கள், கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குமட்டல் தொடர்ந்தால் அளவை மருத்துவர் குறைப்பார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.