கவுண்டி நீதிமன்ற ஆவணங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கலிபோர்னியாவில் வாழும் வாசகர்களிடமிருந்து கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நீதிமன்ற ஆவணங்கள் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். இங்கே குறிப்பிடப்படும் கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. பணம் அனுப்பும் முன் அந்தந்த நீதிமன்றத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 2011-இல் சான் ஹோசேயில் விவாகரத்துத் தீர்ப்பு கிடைத்தது. இப்போது இந்தியாவில் மறுமணப் பதிவுக்காகச் சான்றிட்ட நகல் கேட்கிறார்கள். கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் விசாரித்தபோது அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருப்பது வழக்கறிஞர் மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி மட்டுமே. யாரிடம், எப்படிக் கேட்பது?
வாசகி, சன்னிவேல்

பதில்: ரெக்கார்டர் அலுவலகத்தில் சொன்னது சரிதான். அங்கே இருப்பவை திருமணச் சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரங்களும். விவாகரத்து என்பது ஒரு வழக்கு. அதன் ஆவணக் கட்டு, வழக்கு தாக்கலான கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில் (கவுண்டியின் விசாரணை நீதிமன்றத்தில்), கிளார்க்கின், அதாவது நீதிமன்ற எழுத்தரின், பொறுப்பில் இருக்கும். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையைக் கேட்கும்படி சிலர் சொல்வார்கள். அத்துறையிடம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளைப் பற்றிய பதிவுக் குறிப்பு மட்டுமே உண்டு. தீர்ப்பின் நகல் அங்கே கிடைக்காது.

உங்கள் வழக்கு சாந்தா கிளாரா கவுண்டியைச் சேர்ந்தது என்பதால், சான் ஹோசேயில் உள்ள குடும்ப நீதிமன்றக் கட்டடத்தின் கிளார்க் அலுவலகத்தை அணுக வேண்டும். இதே கேள்வியைக் கேட்கும் மற்ற வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்போது நீங்கள் குடியிருக்கும் கவுண்டி இங்கே கணக்கில்லை, வழக்கு நடந்த கவுண்டியே கணக்கு. ஃபிரீமாண்ட் அலமீடா கவுண்டியில் இருக்கிறது, சான் ரமோன் கான்ட்ரா கோஸ்டாவில் இருக்கிறது. ஒரு நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடினால் அடுத்த கவுண்டியின் வழக்கு அதில் வராது. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளுக்கும் 58 தனித்தனி நீதிமன்றங்கள், தனித்தனிப் பதிவேடுகள். விவாகரத்து வழக்குக் கட்டுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்வதால், 2011-ஆம் ஆண்டு வழக்கின் கட்டு அழிக்கப்பட்டிருக்குமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

எந்த ஆவணத்தைக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தீர்ப்பு என்பது எஃப்எல்-180 என்ற எண்ணிட்ட படிவம். திருமண பந்தம் எந்தத் தேதியில் முடிவுக்கு வந்தது என்பது அதில்தான் இருக்கும். தீர்ப்பு பதிவாகிவிட்டது என்று தபாலில் வந்த எஃப்எல்-190 அறிவிப்பைத் தீர்ப்பு என்று நினைத்துப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் உண்டு. அது வெறும் அறிவிப்பு. ஆகவே உங்கள் கடிதத்தில், "எஃப்எல்-180 தீர்ப்பு, அதன் எல்லா இணைப்புகளுடன், சான்றிட்ட நகல்" என்று தெளிவாக எழுதுங்கள். வழக்கு எண், இரு தரப்பினரின் முழுப் பெயர்கள், தாக்கலான ஆண்டு, எத்தனை நகல்கள் என்ற விவரங்களோடு, தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு 15 டாலர் என்று சட்டம் தனிக் கட்டணம் வகுத்திருக்கிறது. மற்ற ஆவணங்களுக்குச் சான்றிட 40 டாலரும், பக்கத்துக்கு 50 சென்ட்டும் ஆகும். பக்க எண்ணிக்கை முன்கூட்டியே தெரியாதபோது, காசோலையில் தொகையை எழுதாமல், இன்ன தொகைக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பை மட்டும் எழுதி அனுப்பும் முறையைப் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன; எழுத்தர் உரிய தொகையை நிரப்பிக்கொள்வார்.

நகல் கைக்கு வந்ததும் அதில் நீதிமன்ற முத்திரை, சான்றிட்ட அலுவலரின் கையொப்பம், தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சான்றிட்ட அந்த நகலையே மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான அத்தாட்சி) பெற வேண்டும். அதற்குக் கட்டணம் 20 டாலர். இந்தியாவில் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2005 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்களிடம் உள்ள மின்னஞ்சல் பிரதியை அச்சிட்டு நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீதிமன்ற ஆவணத்தின் நகலுக்குச் சான்றளிக்கும் அதிகாரம் கலிபோர்னிய நோட்டரிக்குக் கிடையாது.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றம் வழங்கிய ஒரு விவாகரத்துத் தீர்ப்பு, 1991-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கவுண்டி நீதிமன்றத்தின் துணை கிளார்க் முறையாகச் சான்றிட்ட நகலே அங்கே காட்டப்பட்டது. ஆனாலும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு கேட்ட இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று அதில் இல்லாததால், அந்த நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. எதிர்த்தரப்பு தானாக முன்வந்து அயல்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டு வழக்காடியதா, விவாகரத்துக்கான காரணம் அவர்கள் மணம் செய்துகொண்ட சட்டத்தில் இடம்பெற்றதா என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே தீர்ப்போடு நின்றுவிடாமல், அழைப்பாணை எதிர்த்தரப்புக்குச் சேர்ந்ததைக் காட்டும் எஃப்எல்-115 படிவத்துக்கும், அவர் பதில் தாக்கல் செய்திருந்தால் எஃப்எல்-120 படிவத்துக்கும் சேர்த்தே சான்றிட்ட நகல்கள் கேட்டு வாங்கிவிடுங்கள். கூடுதல் செலவுதான், ஆனால் நாளை இந்தியாவில் யாராவது இந்தத் தீர்ப்பின் செல்லுபடியைக் கேள்வி கேட்டால், உங்கள் வழக்கறிஞர் முதலில் தேடப்போவது இந்த இரண்டு தாள்களைத்தான்.

கேள்வி: 2017-இல் கார் விபத்து தொடர்பாக நான் தொடுத்த வழக்கின் தாள்கள் காப்பீட்டுக்காகத் தேவைப்படுகின்றன. வழக்கு எண் தொலைந்துவிட்டது. நீதிமன்ற இணையதளத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லை.
வாசகர், கூப்பர்டினோ

பதில்: நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது, காரணம் பெரும்பாலும் பெயர்தான். அமெரிக்கப் பதிவேடுகள் குடும்பப் பெயரை முதலில் வைத்து அடுக்கப்படுபவை. தந்தையின் பெயரையோ அவர் பெயரின் முதலெழுத்தையோ சேர்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் எது குடும்பப் பெயர் என்பதை, மனுவைத் தட்டச்சு செய்தவர் தமக்குத் தோன்றியபடி முடிவு செய்திருப்பார். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் விழுந்து, அதுவே வழக்கிலும் ஏறியிருக்கக்கூடும். ஆகவே உங்கள் பெயரையும் தந்தை பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதலெழுத்தை மட்டும் போட்டும், நீளமான பெயரானால் அதை இரண்டாகப் பிரித்தும் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரைக் கொண்டு தேடுங்கள். அது பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும்.

பிறந்த தேதியைக் கொடுத்துத் தேடினால் எளிதாகுமே என்று தோன்றும். ஆனால் குற்ற வழக்குகளின் பெயர்ப் பட்டியலைப் பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொண்டு தேடப் பொதுமக்களை அனுமதிக்கக் கூடாது என்று, ரிவர்சைடு கவுண்டி தொடர்பான வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. மின்னணுப் பதிவேட்டிலிருந்து அந்த விவரங்களை விலக்கி வைக்க வேண்டும் என்பது மாநில நீதிமன்ற விதி. இதன் விளைவாக, பட்டியலில் ஒரு பெயர் இருப்பதால் மட்டும் அது இன்னார்தான் என்று முடிவுசெய்ய முடியாது. கட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

இணையத்தில் தேடியும் அகப்படாவிட்டால் கிளார்க் அலுவலகத்தையே தேடித் தரும்படி கேட்கலாம். தேடல் பத்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் 15 டாலர் கட்டணம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண உரிமையியல் வழக்குக் கட்டுகளை, வழக்கு முடிந்து 10 ஆண்டுகள் ஆனபின் நீதிமன்றம் அழித்துவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கேள்வி: எங்கள் விவாகரத்து வழக்கில் சம்பள விவரம், குழந்தைகளைப் பற்றிய வாக்குமூலம் எல்லாம் இருக்கின்றன. உறவினர்களோ அண்டை வீட்டாரோ அவற்றைப் பார்க்க முடியுமா?
வாசகி, சான் ரமோன்

பதில்: பெரும்பகுதியைப் பார்க்க முடியும் என்பதே உண்மையான பதில். சட்டம் மறைக்கச் சொன்னவை நீங்கலாக நீதிமன்ற ஆவணங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்பது கலிபோர்னிய நீதிமன்ற விதிகளின் அடிப்படை. விவாகரத்து வழக்குகளும் அதில் அடக்கம். எனினும் குடும்ப வழக்குத் தாள்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி இணையத்தில் திறக்க விதிகள் அனுமதிப்பதில்லை. நீதிமன்றத்துக்கு நேரில் சென்று, அங்குள்ள கணினியிலோ காகிதக் கட்டிலோதான் பார்க்க வேண்டும். அந்தச் சிரமமே ஓரளவு பாதுகாப்பு என்று விதியை வகுத்தவர்கள் கருதினார்கள். எங்கள் கருத்தும் அதுவே.

முழுமையாக மூடப்பட்டவையும் உள்ளன. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது குறித்து நிபுணர் தரும் மதிப்பீட்டு அறிக்கை, ஜீவனாம்ச விசாரணையில் தாக்கலாகும் வருமான வரிப் படிவம், கட்டணச் சலுகைக்கான விண்ணப்பம் ஆகியவற்றை வெளியார் பார்க்க முடியாது. தத்தெடுப்பு வழக்குகளும் சிறார் நீதிமன்ற வழக்குகளும் அப்படியே. நீங்கள் இனித் தாக்கல் செய்யும் தாள்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதுங்கள். இது தாக்கல் செய்பவரின் கடமை என்றே விதி சொல்கிறது. எழுத்தர் உங்களுக்காகப் பார்த்து அடித்துவிட மாட்டார்.

கேள்வி: இந்தியாவில் ஆர்டிஐ மனு போடுவது போல, இங்கே தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு மனு போடலாமா?
வாசகர், மில்பிடாஸ்

பதில்: கூடாது, அந்த மனு திரும்பி வந்துவிடும். 1966-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் அமெரிக்க மத்திய அரசின் நிர்வாகத் துறைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டமும் நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது. நீதிமன்றத்தின் வரவு செலவு, ஒப்பந்தங்கள் போன்ற நிர்வாகத் தாள்களைக் கேட்கத் தனி விதி ஒன்று இருக்கிறது. வழக்குக் கட்டுகளுக்கோ மனுவும் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம்: வழக்கு எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும், நேரில் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. இந்தியாவிலும், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற நகல்களை அந்தந்த நீதிமன்றத்தின் விதிகளின்படியே கேட்டுப் பெற வேண்டும், ஆர்டிஐ வழியாக அல்ல என்று தீர்ப்பளித்திருக்கிறது.

கேள்வி: குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறேன். 2009-இல் ஒரு சிறு குற்ற வழக்கில் கைதாகி, பின்னர் வழக்கு தள்ளுபடியானது. நீதிமன்றத்தில் கேட்டால், பழைய கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகர், டப்ளின்

பதில்: அவர்கள் சொல்வது நம்பத்தக்கதே. பெரும்பாலான சிறு குற்ற வழக்குக் கட்டுகளை ஐந்தாண்டுகளுக்குப் பின் அழிக்கலாம். குடிபோதையில் வாகனம் ஓட்டிய வழக்குகளுக்குப் பத்தாண்டு. ஆனால் வாய்மொழியாக இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். தேடியும் ஆவணம் கிடைக்கவில்லை அல்லது அழிக்கப்பட்டது என்று நீதிமன்ற முத்திரையோடு சான்றிட்ட கடிதம் கேளுங்கள். குடியேற்றத் துறை எதிர்பார்ப்பது அதைத்தான். கட்டு போனாலும் நடவடிக்கைப் பதிவேட்டில் ஒரு வரியாவது எஞ்சியிருக்கலாம். அதன் சான்றிட்ட நகலையும் கேளுங்கள். கைரேகை கொடுத்து மாநில நீதித் துறையிடமிருந்து உங்கள் சொந்தக் குற்றப் பதிவை 25 டாலர் கட்டணத்தில் பெறலாம். வழக்கு எப்படி முடிந்தது என்பது அதில் பதிவாகியிருக்கக்கூடும். கட்டு இல்லை என்பதால் கைதை விண்ணப்பத்தில் மறைக்க நினைக்காதீர்கள். அழிக்கப்பட்ட, மூடப்பட்ட வழக்குகளையும் சொல்ல வேண்டும் என்றே படிவம் கேட்கிறது. விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவுக்கு வெளியே விவாகரத்து பெற்றவர்களுக்கும் இதே நடைமுறைதானா?
வாசகி, ஃபிரீமாண்ட்

பதில்: இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் அலுவலகமே வேறுபடும். டெக்சாஸில் விவாகரத்துக் கட்டு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். அதே ஊரில் உள்ள கவுண்டி கிளார்க் வேறொரு அலுவலர். திருமண உரிமமும் நிலப் பத்திரங்களும் அவரிடம். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்ற இரு கவுண்டிகளில் பரவிக் கிடப்பதால், அங்கே வாழ்ந்தவர்கள் எந்தக் கவுண்டியில் வழக்கு தாக்கலானது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் எடிசன்வாசிகளின் வழக்கு மிடில்செக்ஸ் கவுண்டியில் நடந்திருந்தாலும், முடிந்த விவாகரத்துத் தீர்ப்பின் நகலை டிரென்டனில் உள்ள சுப்பீரியர் கோர்ட் ஆவண மையத்திடம் கேட்க வேண்டும். நியூயார்க்கில் கட்டு கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். ஆனால் தம்பதியரும் அவர்களின் வழக்கறிஞர்களும் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவின்றி அது கிடைக்காது. ஆகவே இந்தியாவிலிருந்து உறவினர் மூலமாகவோ நண்பர் மூலமாகவோ நியூயார்க் தீர்ப்பை வாங்க நினைப்பவர்கள், நோட்டரி முன் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் போதுமா என்று அந்தக் கவுண்டி கிளார்க்கிடம் முதலில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே ஆளை அனுப்ப வேண்டும்.