பல லட்ச ரூபாய் பொம்மை இல்லாமல் ஒத்திகை பார்க்கலாமா?

கேள்வி: குமுளியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் மூத்த நர்ஸாக இருக்கிறேன். ஏலத் தோட்டங்களிலிருந்து பாம்புக்கடி நோயாளிகள் வருகிறார்கள். நெருக்கடி முற்றினால் எங்கள் ஆட்கள் படித்ததையெல்லாம் மறந்து தடுமாறுகிறார்கள். பாவனைப் பயிற்சிக்கான நவீன பொம்மைகள் பல லட்சம் ரூபாயாம். அவை இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. இதயம் நின்றவரின் மார்பை அழுத்திப் பழகுவதற்கு மட்டும் சாதாரண பொம்மை ஒன்று வாங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பது கை பழகாமல் வராது. மற்ற ஒத்திகைக்குக் கட்டிலில் ஒரு சக ஊழியர் படுத்தால் போதும். உங்கள் ஆட்கள் மறக்கிறார்கள் என்கிறீர்கள். எனக்கோ உங்கள் மருந்து டிராலி மீதுதான் சந்தேகம்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி சலைனில் கலந்து ஏறிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிவு. குதிரைச் சீரத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் இந்த ஒவ்வாமை அபூர்வமல்ல. மருந்தை உடனே நிறுத்தி, அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கோ அதே ஆம்பூலிலிருந்து (சிறு கண்ணாடிக் குப்பி) முழு 1 மி.கி., ரத்தக் குழாயில். பதற்றத்தில் இரண்டும் இடம் மாறினால் மருந்தே ஆபத்தாகிவிடும். இதைத் தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள்.

ஆகவே வகுப்பறை வேண்டாம். உங்கள் அவசர சிகிச்சை அறையிலேயே, அன்று பணியில் இருப்பவர்களை வைத்தே பத்து நிமிடம் நடத்துங்கள். இரவுப் பணியில் ஒரு முறையாவது நடத்த வேண்டும், ஆள் குறைவது அப்போதுதானே. அட்ரினலினும், பெயர் ஒத்த வேறு மருந்தான அட்ரோபினும் ஒரே தட்டில் கிடப்பது, ஆக்சிஜன் சிலிண்டரின் சாவி காணாமல் போவது, தேனிக்கு இறக்குவதா கோட்டயத்துக்கு அனுப்புவதா என்று யாரும் முடிவெடுக்காமல் நிற்பது எல்லாம் அப்போது வெளியே வரும். டாக்டர் மலையாளத்தில் சொல்ல, நர்ஸ் தமிழில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் அளவையும் போடும் வழியையும் திருப்பிச் சொல்லி, "சரி" என்ற பதில் கேட்ட பிறகே ஊசி போடப் பழக்குங்கள். விமானிகளின் குழுப் பயிற்சியை மயக்க மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் டேவிட் காபா, கைத்திறனுக்கு இணையாக இந்தப் பேச்சுப் பழக்கத்தையும் வைத்தார்.

ஒத்திகையைவிட அதன் பின் உட்கார்ந்து பேசுவதற்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். "யார் தவறவிட்டது?" என்று தொடங்கினால் அடுத்த முறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். டாக்டரும் உட்கார வேண்டும். அவர் "வேலை இருக்கிறது" என்று நழுவினால் நிர்வாகத்திடம் சொல்லியாவது உட்கார வையுங்கள், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். பேச்சில் தெரியவந்த கோளாறுகளில் ஒன்றையாவது அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். உதாரணமாக, அட்ரினலினுக்குத் தனி இடமும் சிவப்பு லேபிளும்.

ஒரு எச்சரிக்கை. ஒத்திகைக்கு எடுக்கும் ஊசி, குப்பி எல்லாவற்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று ஒட்டி, முடிந்ததும் எண்ணி அகற்றுங்கள். வெறும் தண்ணீர் நிரப்பிய குப்பி டிராலியில் தங்கிவிட்டால் மறுநாள் உண்மையான நோயாளிக்கு ஏறிவிடும். ஒத்திகையின் நடுவே நோயாளி யாராவது வந்தால் அதை அப்படியே நிறுத்திவிடுங்கள்.