ஏசிக்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

கேள்வி: தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகே வசிக்கிறோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி வாங்கி 3 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கேஸ் குறைந்துவிட்டதாகச் சொல்லி நிரப்புகிறார்கள். இன்னோர் அறைக்கும் ஏசி வாங்கவிருக்கிறோம். அந்தப் புதிய ஏசியாவது நீண்ட நாள் உழைக்க என்ன செய்வது?

பதில்: ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதால், அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற வேலை. பழைய ஏசியில் காப்பர் பைப்பின் இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். கேஸோடு கம்பிரசர் எண்ணெயும் சிறிது வெளியேறும். அங்கே சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இணைப்புகளில் ஒன்றும் இல்லையென்றால், உப்புக்காற்று அரித்த காயிலை (கேஸ் ஓடும் வளைகுழாய்களும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த பகுதி) சந்தேகிக்க வேண்டும்.

புதிய ஏசியின் ஆயுள் பெரும்பாலும் பொருத்துகிற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நட்டால் இணைப்பதற்காகப் புனல்போல விரித்த பைப் முனையில் பிசிறு இருக்கக்கூடாது. நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சரியான அளவுக்கே முறுக்க வேண்டும், ஏனெனில் 'இன்னும் கொஞ்சம் இறுக்கு' என்ற அக்கறையிலேயே முனை விரிசல் விடுவதுண்டு. பிறகு, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றும் வாக்குவம் பம்பைக் கட்டாயம் ஓடவிட வேண்டும். குழாயில் தங்கும் ஈரம் கம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மோட்டார் சுருளைக் கெடுக்கும். நேரத்தை மிச்சப்படுத்த, வால்வைச் சற்றே திறந்து கேஸாலேயே காற்றைத் தள்ளிவிடுவோரும் உண்டு; இப்போது பரவலாக உள்ள ஆர்-32 என்ற கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதாலும் அதை அனுமதிக்காதீர்கள். குழாய்க்குள் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். அளவு தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் கசிவோ ஈரமோ இருக்கிறது.

அவுட்டோர் யூனிட்டைக் கடற்காற்று நேரே அறையாத பக்கத்தில், வெப்பக்காற்று தடையின்றி வெளியேறும்படி வையுங்கள். அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள காயிலாகக் கேட்டு வாங்கினாலும் உப்பு படியவே செய்யும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காயிலைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். உள்ளே இருக்கும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழுவிக் காயவைத்து மாட்டலாம்; அதற்கு மெக்கானிக் தேவையில்லை.