வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: மற்றவர்களுக்கு ஏன் பரிசோதனை?

கேள்வி: என் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்து, பத்து நாட்களாக மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய தட்டு, தம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கே வந்து எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். ஓடியாடி விளையாடும் மூன்று வயது மகளுக்கும் ஆறு மாதம் மாத்திரை என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தயங்காமல் அவர்களை வரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருவது சங்கடம் என்றால் குடும்பத்தோடு நீங்களே நிலையத்துக்குப் போய்விடலாம். பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

காசநோய் தட்டிலும் தம்ளரிலும் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் மிதந்து, அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் போகின்றன. தட்டை ஒதுக்கினால் அவர் மனம் நோகுமே தவிர, யாருக்கும் பாதுகாப்பில்லை. அவருடைய படுக்கையை ஜன்னலோரம் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். மருந்து ஒழுங்காக உள்ளே போகப் போக, அவரிடமிருந்து பரவும் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்ற ஐயத்துக்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியினருக்கு நெருக்கடியான அவர்களுடைய வீடுகளிலும் சிகிச்சை தந்து பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது.

என்னுடைய கவலை, நோய் தெரியவருவதற்கு முன்பு அவர் இருமிக்கொண்டிருந்த வாரங்களைப் பற்றியது. மகள் அப்பாவின் பக்கத்தில் படுத்து உறங்கிய நாட்கள் அவை. கிருமி உள்ளே போயிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் உறங்கிக் கிடக்கலாம்; ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது விரைவில் நோயாக மாறுவதுண்டு, மூளையுறையைத் தாக்கும் கொடிய வடிவிலும் வரலாம். ஆகவே அவளுக்கு இப்போது காசநோய் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, எடைக்கேற்ற அளவில் ஐசோநியாசிட் மாத்திரையை ஆறு மாதம் தினமும் கொடுங்கள். இது நோய்க்கான சிகிச்சை அல்ல, தடுப்பு மருந்து. பெரியவர்களுக்கு அறிகுறிகளை விசாரித்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்ததாக 2023இல் தெரியவந்தது. சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வராவிட்டால் நிலையத்தில் கேளுங்கள், முட்டையும் பருப்பும் எல்லோர் தட்டிலும் இருக்கட்டும்.

மாத்திரையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு உங்கள் கணவர் பயந்து நிறுத்திவிட வேண்டாம். அது மருந்தின் நிறம். யாருக்காவது கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் இருந்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பாகவே மருத்துவரிடம் காட்டுங்கள்.