நிட்டிங்கும் நரம்பியல் பன்மையும்: கேள்வி பதில்

(நிட்டிங் என்பது இரு ஊசியில் நூல் பின்னுவது; நரம்பியல் பன்மை என்பது ஆட்டிசம், ஏடிஎச்டி போல மூளை இயங்கும் விதங்களின் வேறுபாடு.)

கேள்வி: எனக்கு ஆட்டிசம். இரைச்சல் தாங்காத ஒரு நாளை, நிறம் மாற்றாமல் ஒரே நூலில் பின்னிக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். அமைதிக்கு வெறும் ஸ்டாக்கினெட் (ஒரு வரிசை நிட் எனும் நேர்க்கண்ணி, மறு வரிசை பர்ல் எனும் எதிர்க்கண்ணி), இரைச்சலுக்கு பாபிள் (துணியில் எழும் குமிழ்). ஒரே கண்ணிக்குள் (ஊசியிலுள்ள நூல் வளையம்) முன்பக்கம், பின்பக்கம், முன், பின், முன் என்று குத்தி ஐந்து கண்ணியாக்குங்கள். திருப்பி ஐந்தும் பர்ல்; மறுபடி திருப்பி ஐந்தும் நிட். ஊசி முனையில் இருக்கும் கண்ணியின் மேலாக மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டால் குமிழ் எழும். இரு குமிழ்களுக்கு நடுவே மூன்று கண்ணியாவது விடுங்கள். இல்லாவிட்டால் துணி இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்புதான் சொல்ல வந்ததென்றால் நெருக்கியே போடுங்கள், நூல் கூடுதலாகப் பிடிக்கும். குமிழ் பின்பக்கம் புதைந்தால், அதன் இருபுறக் கண்ணிகளையும் பின்வளையத்தில் குத்தி இறுக்குங்கள். ஸ்டாக்கினெட் ஓரம் சுருளும். இரு ஓரமும் நான்கு கண்ணி கார்ட்டர் (எல்லா வரிசையும் நிட்) வையுங்கள். ஆட்டிசத்தின் சின்னமாகப் பழகிப்போன புதிர்த்துண்டுப் படம் மட்டும் வேண்டாமே! ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது பிடிப்பதில்லை.

கேள்வி: தினம் ஒரு நிறமாக, ஓராண்டு மனநிலை ஸ்கார்ஃப். எவ்வளவு நூல்?

பதில்: டிகே (நடுத்தரத் தடிமன்) நூல், 4 மி.மீ. ஊசி, 40 கண்ணி. நாளுக்கு இரண்டு வரிசை கார்ட்டர். அகலம் சுமார் 18 செ.மீ., நீளம் 170 செ.மீ.யை ஒட்டி வரும். ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நிறம் மாறும்போது விடும் நூல் நுனிகளையும் சேர்த்து 300 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் ஆறுக்கு மேல் போனால் எது எந்த மனநிலை என்பதே மறந்துவிடும். நுனிகளை அன்றன்றே உள்ளே கோத்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நூற்றுக்கணக்கில் தொங்கும்.

கேள்வி: எனக்கு ஏடிஎச்டி (கவனம் சிதறும் நரம்பியல் நிலை). நடுவில் விட்டு எழுந்தால் இடம் தொலைகிறது.

பதில்: வரிசை முடியாமல் எழாதீர்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை, மொட்டை ஊசியில் வழவழப்பான மெல்லிய பருத்தி நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். மார்க்கருக்குள் (இடம் குறிக்க ஊசியில் மாட்டும் வளையம்) போகக்கூடாது, சிக்கிக்கொள்ளும். பிரிக்க நேர்ந்தால் அவிழ்வது அந்த நூலோடு நின்றுவிடும்.

கேள்வி: கம்பளி குத்துகிறது.

பதில்: 30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழைகள்தான் குத்தும். மெல்லிய மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) அல்லது பருத்தி எடுங்கள். உலோக ஊசியின் சத்தமும் தொந்தரவென்றால் மூங்கில்.

கேள்வி: என் கண்ணிகள் ஓரிடம் இறுக்கம், ஓரிடம் தொளதொள. நீவிச் சரிசெய்யவா?

பதில்: உடுப்பென்றால் நனைத்து, நீட்டிக் காயவையுங்கள். கலைப்படைப்பென்றால் விட்டுவிடுங்கள், பதற்றமான நாளில் கை இறுகிய தடம் அது, அழித்தால் திரும்பாது. அக்ரிலிக்கில் இஸ்திரி வைத்தால் இழை தளர்ந்து துவண்டே போகும்.