பிளாக்பெர்ரி விதைக்கு அப்பா உண்டா?

கேள்வி இது: ஒரே பிளாக்பெர்ரிச் செடியில் சில பழம் கொழுகொழுவென்றும், சில பழம் நாலைந்து மணியோடு கோணலாகவும் வருவது ஏன்? விதை போட்டால் தாய்ச்செடி மாதிரியே வருமா?

சென்னையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் முதலில் சீதாப்பழத்தைத்தான் கையில் எடுப்பேன். ஒரு பக்கம் புடைத்து மறுபக்கம் சப்பையாக இருக்கும் சீதாப்பழத்தைத் தள்ளுவண்டியில் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரே பூவில் பல சூலகங்கள் இருக்கும். மகரந்தம் கிடைத்த சூலகம் சதை பிடிக்கும், கிடைக்காதது அப்படியே நின்றுவிடும். பிளாக்பெர்ரியும் அதே போன்ற திரள்கனிதான். உறைய வைத்த பழம் ஒன்றை வாங்கி, வீட்டில் தட்டில் வைத்து மணி மணியாகப் பிரித்துப் பார்த்தேன். பல மணிகளின் தலையில் காய்ந்த பழுப்பு மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது பூவில் சூல்தண்டாக இருந்தது. மகரந்தக்குழாய் அதன் வழியாகத்தான் இறங்கி வந்திருக்கிறது. மணிக்குள் குழிகுழியாக ஒரே ஒரு கொட்டை. பூத்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டாலோ தேனீ குறைந்தாலோ சில சூலகங்கள் விடுபட்டுப்போகும். கோணல் பழத்துக்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, விதைக்கு வருவோம். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது. ஐரோப்பாவின் காட்டு பிளாக்பெர்ரிகளில் பெரும்பாலானவை கருவுறாமலே விதை உண்டாக்குகின்றன. பாடப்புத்தகத்தில் அப்போமிக்சிஸ் என்று படித்திருப்பீர்கள். முட்டை செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்காமல், தானாகவே கருவாக வளர்கிறது. அந்தக் கரு முழுக்க முழுக்கத் தாயின் நகல். அப்படியானால் மகரந்தம் எதற்கு? கருவுக்குச் சோறூட்டும் முளைசூழ்தசை உருவாக வேண்டுமே, அதற்கு. (நாம் சாப்பிடும் அரிசியின் வெள்ளைப் பகுதி முளைசூழ்தசைதான்.) மகரந்தம் வராவிட்டால் விதை இல்லை. வந்தாலும் அப்பாவின் சாயல் பிள்ளையிடம் துளியும் இருக்காது.

எல்லாச் செடியும் இப்படி இல்லை. பிளாக்பெர்ரி அடங்கிய ரூபஸ் பேரினத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண் 7. அதன் இரு மடங்கான 14 உள்ள இருமடியச் செடிகள், உதாரணமாக ரூபஸ் உல்மிஃபோலியஸ், வழக்கமான முறையில் கருவுற்றே விதை தருகின்றன. கருவுறா விதை பெரும்பாலும் 28 போல அதைவிட அதிக மடங்கு உள்ள பன்மடியச் செடிகளின் வேலை. அவற்றிலும் ஒரே செடி சில விதைகளை நகலாகவும் சிலவற்றைக் கலப்பாகவும் தரக்கூடும். எப்போதோ நடக்கும் அந்தக் கலப்பில் புது ரகம் ஒன்று பிறந்தால், அதன் பிறகு அது தன்னையே நகலெடுத்துப் பரவுகிறது. 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ரூபஸ் ஃப்ரூட்டிகோசஸ் என்று ஒரே பெயரில் அடக்கிய கூட்டத்தில், இன்று பிரிட்டனில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட நுண்சிற்றினங்களை, அதாவது சின்னச் சின்ன வேறுபாடுகள் கொண்ட இனங்களை, பிரித்திருக்கிறார்கள். அப்புறம், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ரூபஸ் உர்சைனஸ் இன்னொரு விதம். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு.

ஆகவே விதை போட்டால் தாய் மாதிரியே வருமா என்பது எந்தச் செடியின் விதை என்பதைப் பொறுத்தது. நிச்சயம் வேண்டுமென்றால் பதியம் போடுங்கள். வளைந்த கொடியின் நுனியை மண்ணில் புதைத்தால் வேர் விடும். ஆனால் பெரும்பாலான ரகங்கள் பூக்கக் குளிர்காலம் வேண்டும், சென்னை வெயிலில் அது நடக்காது. நானும் பிளாக்பெர்ரி என்று நம்பி நர்சரியில் ஒரு கன்று வாங்கினேன், வளர்ந்த பிறகு பார்த்தால் மல்பெரி. இலை மூன்று ஐந்தாகப் பிரிந்து, தண்டில் முள்ளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முள்ளில்லா ரகமும் உண்டு என்பதால் இலையை நம்புவது நல்லது.

கருவுறாமல் விதை உண்டாவதற்குப் பக்கத்து விஷயம் ஒன்றைச் சென்னையிலேயே பார்க்கலாம்: ஒரே விதைக்குள் பல கரு. ஜூலையில் நாவல்பழம் தின்றுவிட்டுக் கொட்டையைத் தொட்டியில் போட்டு வையுங்கள். பல கொட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முளை வரும். எங்கள் மாடியில் இப்போது ஒரே கொட்டையிலிருந்து மூன்று கன்று நிற்கிறது.