சினி லென்ஸ் நெடுங்கால முதலீடா?
சினி லென்ஸ் என்பது படப்பிடிப்புக்கென்றே செய்யப்படுவது. அதன் ஃபோகஸ் வளையத்தை அதிக தூரம் சுழற்றலாம், அதனால் ஃபோகஸை மெதுவாக, துல்லியமாக மாற்ற முடியும். காசிமேட்டு விடியற்காலை ஏலத்தில், மீன் கூடையிலிருந்து ஏலம் கூறுபவரின் முகத்துக்கு ஃபோகஸை மெல்ல நகர்த்திப் பாருங்கள், அருமை புரியும்.

கேமராவின் சென்சார் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். லென்ஸ் பெரும்பாலும் கண்ணாடியும் உலோகமும்தான். 1982-இல் சினிமா கேமரா செய்யும் ஆரி நிறுவனம் கொண்டுவந்த, லென்ஸைக் கேமராவில் பொருத்தும் பிஎல் மவுண்ட் என்ற இணைப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வீட்டில் மிக்ஸி எத்தனை முறை மாறினாலும் பாட்டியின் அம்மி நிலைக்கிறதே, அப்படித்தான். அம்மியைக் கொத்துவதுபோல் லென்ஸையும் பராமரிக்க வேண்டும். ராயபுரத்துக் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.

சினி லென்ஸ் என்றாலே படம் கூடுதல் கூர்மையாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல புகைப்பட லென்ஸும் அதே கூர்மையைத் தரும். கூடுதல் விலை, ஒரே தொகுப்பாக வரும் லென்ஸ்கள் நிறத்தில் ஒத்துப்போவதற்கும் கையாளும் வசதிக்கும்தான்.